உப்புக் காற்றும் உள்ளிரும்பும்

முத்துக்குளிப்பால் முன்னாளிற் பெயர்பெற்ற கொண்டச்சிக் கரையில் இரும்புக்குப் பகை உப்புக் காற்றே. அங்கு எம் பழைய மாணவர் ஒருவர் தம் மொறிஸ் மைனர் காரைப் புதுக்கியபோது யாமும் உடனிருந்தோம்.

அலெக் இசிகொனிஸ் என்பார் வகுத்த இச்சிறு கார் 1948 இல் வெளிவந்து 1971 வரை இங்கிலாந்திற் செய்யப்பட்டது. இதன் பின் மட்காட்டுகள் உடலோடு ஒட்டப்படாது புரியாணிகளாற் பூட்டப்பட்டவை. ஆதலின் கழற்றி மாற்றுதல் எளிது. 1990களில் இலங்கையிலேயே இக்காருக்குத் தகடுகள் ஆக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினர் என்பது நாம் மகிழ்தற்குரியது.

“ஐயா, புதுத் தகட்டைப் பூட்டிவிட்டால் ஞாயிறன்று பிள்ளைகளோடு மன்னார் போகலாம்” என்றார் மாணவர். முதிய மெக்கானிக்கோ மறுமொழி கூறாது உட்புறத்தைச் சுத்தியலால் தட்டினார். பின்சக்கர வில்லைத் தாங்கும் இடம் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. இக்காருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். அவ்விடம் இற்றுவீழின் ஓட்டத்திலேயே அச்சு நிலைகுலையும். மாணவர் முகம் வெளிறிற்று.

துருவை வெட்டி நீக்கி, புதிய இரும்பை உருக்கி ஒட்டி, துருத்தடுப்பு மை பூசிய பின்னரே மட்காட் ஏறிற்று. ஆணிகளை முதலில் தளர்வாக இட்டு, மூட்டுவாயில் ஓரநாடா செருகி, ஒழுங்கு பார்த்து ஒவ்வொன்றாய் இறுக்கினார் அம்முதியவர். மூன்று கிழமை சென்றது. பிள்ளைகள் அச்சமின்றி ஏறினர்.

விழாவை முன்னிட்டுக் கல்லூரிச் சுவருக்கு வண்ணந் தீட்ட முனையும் அன்பர்கள், கூரை மரத்தையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பாராக.