வடக்கு என்று சொல்லும் கருவி

கையடக்க ஜி.பி.எஸ். கருவியில் பெரும்பாலோர் திறந்தே பார்க்காத ஓர் அமைப்பு உண்டு. வழக்கமான முறையில் அது சாலையைப் பின்பற்றும். 'இடப்புறம் திரும்புக', 'வலப்புறம் திரும்புக' என்று சொல்லும். சாலையில்லா நிலத்துக்கான முறைக்கு மாற்றினால் இடமும் வலமும் மறைந்துவிடும். சேர வேண்டிய இடம் 170 பாகையில், 2.3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது மட்டுமே திரையில் நிற்கும். நடுவே வயலா, ஓடையா, மதிலா என்பது கருவியின் கவலை அன்று.

ஓட்டுநர்களுக்கு இது வெறும் பொத்தான் மாற்றம். மொழியியல் படித்தவர்களுக்கு நன்கு பழகிய ஒரு வேறுபாடு. இடத்தைப் பேசும்போது தன் உடலை மையமாக வைத்து இடம், வலம் என்று சொல்லும் மொழிவழக்கு ஒன்று; உடல் எப்பக்கம் திரும்பினாலும் மாறாத திசைகளைக் கொண்டு சொல்லும் வழக்கு மற்றொன்று. எரிக் பெடர்சன் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டும் தமிழுக்குள்ளேயே இருப்பதைக் காட்டியது. நகரத்தார் மேசைமேல் உள்ள பொம்மையைக்கூட இடம், வலம் என்று குறிக்க, நாட்டுப்புறத்தார் அதையே வடக்கு, தெற்கு என்று குறித்தனர். 1998இல் அவரும் டான்சிகர், லெவின்சன் முதலியோரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பேசும் முறை மட்டுமல்ல, நினைவில் வைத்துக்கொள்ளும் முறையும் அதற்கேற்பவே அமைகிறது என்ற வாதம் விரிந்தது. அந்தக் கட்டுரையின் மீதான சண்டை இன்னும் ஓயவில்லை. அது வேறு கதை. தமிழில் கிழக்கு என்பதன் வேரில் 'கீழ்' இருக்கிறது, மேற்கு என்பதன் வேரில் 'மேல்' இருக்கிறது. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. சரிவே இல்லாத வங்கக் கழிமுகத்துக்கு அவற்றைச் சுமந்து சென்றால் என்ன ஆகும்?

பெஹாலாவில், டைமண்ட் ஹார்பர் சாலையை ஒட்டிய சகேர் பஜார்ப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. தந்தை தாமிரபரணிக் கரை ஊர்க்காரர். மேலத்தெரு, கீழத்தெரு என்று தெருக்களுக்கே திசையைப் பெயராக வைத்திருக்கும் ஊர். இளமையில் வேலைக்காகக் கல்கத்தா வந்தவர், கிதிர்பூர்ப் பக்கம் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பெஹாலாவில் பிறந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், அலுவலகத்தில் ஆங்கிலம். ஓய்வு நாட்களில் நான்குசக்கர இயக்கம் கொண்ட பழைய ஜீப்பை ஓட்டுவது அவருடைய பித்து. நண்பர்களோடு மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூ வரை ஏறி, 3,636 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் கருவியைப் பார்த்தே வண்டியைத் திருப்பியவர். தந்தையோ அந்தக் கருவியை 'விளையாட்டுச் சாமான்' என்றே சொல்லிவந்தார். இருவருக்கும் இடையே வெகுகாலமாகச் சற்று இறுக்கம் இருந்தது. அதற்குக் காரணம் கருவி அன்று, ஆனால் கருவியைச் சாக்கிட்டு வெளிப்படும்.

2020 மே 20 அன்று அம்பன் புயல் பக்காலி அருகே கரை கடந்தது. பெஹாலாவின் சந்துகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. தெற்கே நாம்கானா, காக்திவீப் பக்கம் நிலைமை இதைவிடக் கொடிது. மண்ணாலான ஆற்றணைகள் உடைந்து, உப்புநீர் வயல்களில் ஏறியிருந்தது. கைப்பேசிக் கோபுரங்கள் செயலற்றிருந்தன. மாத இறுதியில், ஊரடங்கு அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அரிசி, பொரி, குடிநீர், தார்ப்பாய் என்று ஏற்றிக்கொண்டு மகன் புறப்பட்டார். துணைக்கு வர இருந்த நண்பருக்குக் காய்ச்சல். தந்தை யாரையும் கேளாமல் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார். (தார்ப்பாய் என்ற சொல்லின் அழகை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. 'டார்பாலின்' என்பதைக் கேட்ட தமிழ்க் காது, அதற்குள் தாரையும் பாயையும் கண்டுபிடித்துக்கொண்டது. வங்காளக் காது அதையே 'திரிபல்' ஆக்கியது.)

கோபுரங்கள் விழுந்தாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பொலிகளை அது வாங்குகிறதே தவிர, எதையும் அனுப்புவதில்லை. நான்கு கோள்கள் தெரிந்தால் போதும். திறந்த கழிமுக வானத்தில் அதற்குப் பஞ்சமில்லை, பெஹாலாவின் நெருக்கமான சந்துகளில்தான் தடுமாறும். சிக்கல் வரைபடத்தில். மகன் ஒரு பழைய நிலவரைத்தாளையும் நகலெடுத்துக் கருவியில் ஏற்றியிருந்தார். அத்தகைய தாள்கள் ஜார்ஜ் எவரெஸ்டின் 1830ஆம் ஆண்டு நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. கருவி பேசுவதோ 1984ஆம் ஆண்டின் உலக அளவைமுறை. மாற்றிப் பொருத்தாவிட்டால் கல்கத்தா வட்டாரத்தில் 250 மீட்டருக்குக் குறையாமல் விலகும். நகரத்தில் அது அடுத்த தெரு. மூன்று மீட்டர் அகல அணையின்மேல் வண்டி ஓட்டுகிறவருக்கு அது ஆறு. மகனுக்கு இது தெரியும், பொருத்தியே வைத்திருந்தார். புது வரைபடத்திலோ சாலை என்று காட்டிய கோடே அணைதான், அந்த அணை போன வாரம் வரைதான் இருந்தது.

நாம்கானாவைத் தாண்டிச் செங்கல் பரப்பிய பாதை முடிந்த இடத்தில் மகன் கருவியை நேர்கோட்டு முறைக்கு மாற்றினார். மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடம்தான் இலக்கு. திரையில் 170 என்று வந்தது. அவர் அதை மனத்துக்குள் கடிகாரமாக்கி, கடிகாரத்தை வண்டியின் மூக்கோடு ஒப்பிட்டு, பிறகு இடமா வலமா என்று முடிவுசெய்யும் முன்பே தந்தை சொல்லிவிட்டார்: "தெக்க. கொஞ்சம் கெழக்க சாஞ்சாப்ல போல."

"ரைட்டா லெஃப்டா, அதச் சொல்லுங்கப்பா!"

"எனக்கு ஒன் ரைட்டு லெஃப்டெல்லாம் தெரியாது. அந்தப் பனைக்கு வடக்க விட்டுட்டுப் போ."

வானம் மூடியிருந்தது; சூரியன் தெரியவில்லை. திசை எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவரால் விளக்க முடியாது. சுவை எப்படித் தெரிகிறது என்று கேட்பதைப் போன்றது அது. ஆற்றைப் பார்த்தும் சொல்ல முடியாது: கழிமுகத்தில் நாளுக்கு இருமுறை ஆறு திரும்பி ஓடும். அணையடியில் நின்ற ஒரு மூதாட்டி வழி சொன்னார்: தெற்கே போய், பிறகு வாய்க்கால் கரையைப் பிடித்துக் கிழக்கே. வங்காளம் மகனுக்குத்தான் நன்றாக வரும். ஆயினும் சொற்களை அறிந்தும் அவரால் அதைத் திசைமாற்றிச் சக்கரத்தில் இறக்க முடியவில்லை. தந்தை தம் உடைந்த வங்காளத்தில் வாங்கி, நெல்லைத் தமிழில் தந்தார். பெஹாலாவில் தென்காற்று வரும் வீட்டைத் 'தக்ஷிண் கோலா' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நகரத்து வங்காளத்தில் தெற்கு அந்த அளவில் எஞ்சியிருக்கிறது போலும்.

பள்ளிக்கூடம் நேர்கோட்டில் 400 மீட்டர் என்று கருவி காட்டியபோது குறுக்கே ஒரு கால்வாய் வந்தது. நேர்கோட்டுக்குத் தண்ணீர் தெரியாது, தந்தைக்கும் தெரிந்திருக்கவில்லை. சரக்கை இறக்கி, நாட்டுப்படகில் மூன்று நடையாகக் கொண்டு சேர்த்தார்கள். வளைந்து வளைந்து போன படகு திரும்பியபோது மாலை. உடைப்பின் வழியே நீரேற்றம் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. வந்த தடம் திரையில் துல்லியமான கோடாக இருந்தது. தரையில் அதன் பாதி நீருக்குள் இருந்தது.

அப்போது தந்தை கைநீட்டி, "வடக்க இந்தா" என்றார். மகன் கருவியைப் பார்த்தார். வண்டி நின்றிருந்ததால் அம்பு நிலையில்லாமல் சுழன்றது. நகர்ந்தால்தான் கருவிக்குத் தான் எப்பக்கம் போகிறோம் என்பது தெரியும். காந்த ஊசி உள்ள வகைகள்கூட வண்டியின் இரும்புக்கு அருகே பிசகும். பத்து மீட்டர் மெல்ல உருட்டியதும் அம்பு நின்றது. தந்தையின் கை காட்டியது ஏறத்தாழ வடமேற்கு. அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். படகு அவரைக் குழப்பியிருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு, "வத்தட்டும். இங்கனயே இருப்போம்" என்றார். மகன் மறுக்கவில்லை. நள்ளிரவு தாண்டி நீர் இறங்கும்வரை மேட்டில் வண்டிக்குள் இருந்தார்கள். ஊரில் எந்தத் தெரு எந்தத் தெருவுக்கு வடக்கே என்பதை மகன் கேட்டதும் தந்தை சொன்னதும் அன்றுதான்.

நேர்கோட்டு முறை முதலியத்தை மீட்டுத் தருகிறது என்று கொண்டாடுவது மிகை. பாகை எண் வேறு, பழகிய திசையுணர்வு வேறு. எண்ணைத் திசையாக்கிக்கொள்ளும் மனம் முன்பே உருவாகியிருக்க வேண்டும். 'கருவி நம் மூளையை மழுங்கடிக்கிறது' என்னும் வழக்கமான புலம்பலும் இங்கே முழுதாகப் பொருந்தாது. அந்த முதியவரின் பிழையைக் காட்டித்தந்தது கருவிதான். பெடர்சனின் இரு தமிழ்களும் ஒரே வண்டியின் முன்னிருக்கைகளில் அமர்ந்திருந்தன என்பதுதான் ஆய்வாளருக்குச் சுவையான செய்தி. அவற்றிடையே மொழிபெயர்ப்பு எப்படி நிகழ்கிறது, எந்த வயதில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதை யாராவது எடுத்துச் செய்யலாம். கல்கத்தா, மும்பை, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறையையும் ஒருங்கே பார்க்க இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.

அன்றைய தடம் கருவியில் இன்னும் இருக்கிறது. குறியிடங்களுக்குக் கருவி தானாக இட்ட 001, 002 என்ற எண்களை மகன் மாற்றியிருக்கிறார்: 'பனைக்கு வடக்கே', 'பாட்டி', 'இருந்த மேடு'. 2021 மே மாதத்தில் யாஸ் புயல் வந்து போனபின், அணையை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். புதுப்பித்த வரைபடத்தில் அந்தத் தடத்தின் ஒரு பகுதி ஆற்றுக்குள் ஓடுகிறது.