குழாய்க் கதை

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கதை ருசியாக அமைந்துவிட்டால், அது முழு உண்மைதானா என்று கிளறிப் பார்க்க மனம் வராது. எந்திரங்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது அழகல்ல.

சியாட்டில் நகரத்து 'பெர்த்தா'வை வைத்து நான் காலம் தள்ளியதும் இப்படித்தான். கடலோர மேம்பாலச் சாலைக்குப் பதிலாக நகரத்துக்கு அடியில் சாலை போட, ஜப்பானில் செய்து கொண்டுவந்த சுரங்க எந்திரம் அது. விட்டம் 57 அடிக்கும் மேல்; அன்றைக்கு உலகிலேயே பெரியது. 2013 ஜூலையில் தோண்டத் தொடங்கி, டிசம்பரில் சூடேறி நின்றுவிட்டது. அதற்குச் சில நாள் முன்புதான், நிலத்தடி நீர் ஆய்வுக்காக 2002இல் இறக்கிய 8 அங்குல இரும்புக் குழாய் ஒன்றில் அது மோதியிருந்தது. யானைக் காதில் எறும்பு! மேடைதோறும் சொன்னேன், கைதட்டல் வாங்கினேன்.

நான் சொல்லாமல் விழுங்கிவிட்ட பகுதி பெரிது. இந்த வகை எந்திரம், வெட்டிய மண்ணைக் குழைத்து, சுழலும் முகப்பின் திறப்புகள் வழியாகப் பின்னறைக்குள் வாங்கி, திருகுபோன்ற கருவியால் வெளியே தள்ளும். அறையில் நிற்கும் அந்தச் சேற்றின் அழுத்தம்தான் எதிரே உள்ள நிலம் சரியாமல் தாங்குகிறது. முகப்பைச் சுழலவிடும் பேரிங்குக்குள் மண் புகாமல் காப்பவை சீல்கள். பெர்த்தாவில் அவையே சேதமாகியிருந்தன. 120 அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, 2015 மார்ச்சில் சுமார் 2,000 டன் முகப்பைத் தூக்கினார்கள். பேரிங்கை மாற்றினார்கள், இரும்பு சேர்த்து வலுவாக்கினார்கள், திறப்புகளையும் அகலமாக்கினார்கள்.

குழாய் மட்டுமே குற்றவாளி என்றால் திறப்பை ஏன் அகலமாக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் இல்லை. கதை கெட்டுவிடுமே என்று ஒதுக்கினேன். அறியாமை என்றால்கூட மன்னிக்கலாம்.

எந்திரம் 2017 ஏப்ரலில் மறுமுனையைத் துளைத்தது; 2019 பிப்ரவரியில் சாலை திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சேதத்துக்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் நீதிமன்ற நடுவர் குழு, குழாய்மேல் பழிபோட்ட ஒப்பந்தக்காரர்களின் வாதத்தைத் தள்ளி, மாநில அரசுக்கு 5.72 கோடி டாலர் தரச் சொன்னது.

அதைப் படித்த பிறகும் ஒரு கல்லூரியில் குழாய்க் கதையையே சொன்னேன். "வழக்கு என்ன ஆச்சு சார்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கை அமைப்பாளர் கையில் கொடுத்துவிட்டேன்.