வளைவுல பிரேக்கைத் தொடாதே!

எனக்குத் தெரிஞ்ச ஒரே பனி, ஃப்ரீஸர்ல அம்மா கரண்டிக் காம்பால சுரண்டிப் போடுற ஐஸ்தான். சொந்த ஊர் திருச்சி. அக்னி நட்சத்திரத்துல பொறந்த ஆளு. அப்படிப்பட்ட நான் போன குளிர்காலத்தில், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்ல ஆஸ்திரியா நாட்டு இன்ஸ்ப்ரூக்ல போய் இறங்கினேன். 1964, 1976-னு ரெண்டு தடவை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். ஜன்னலைத் திறந்தா ஆல்ப்ஸ் மலை மூஞ்சிலேயே இடிக்கும்.

நான் தங்கியிருந்த வீட்டோட ஓனரம்மாவுக்கு அறுபத்து மூணு வயசு. தனியா இருக்காங்க. சூட்கேஸை வைக்க நிலவறைக்குப் போனப்பதான் அதைப் பார்த்தேன். ஐஸ் குச்சி மாதிரி ஒல்லியா, என் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமா ஒரு பலகை. பக்கத்துல ரெண்டு பூட்ஸ். பூட்ஸா அது? ரோபோவோட காலைக் கழட்டி வெச்ச மாதிரி கெட்டி பிளாஸ்டிக், ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கிள்.

"ஸ்கீ பூட்ஸா?"னு கேட்டேன்.

அவங்க முகம் போன போக்கைப் பார்க்கணுமே! நம்ம ஊர்ல வீணையைப் பார்த்து கிடாரானு கேட்டா எப்படி இருக்கும், அப்படி. "ஸ்னோபோர்டு. ஹார்டு பூட்ஸ். அது சரி, உன் கால் என்ன சைஸ்?"

நம்ம ஊர் அஞ்சாம் நம்பர். அங்கே 24 சென்டிமீட்டர்னு சொல்லணும். அவங்க சைஸும் அதேதான். இடது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வெச்சதுல இருந்து பலகை சும்மா கிடக்காம். எனக்கு உடனே கொடுத்துடலை. பழைய பிளாஸ்டிக் பூட்ஸ் ஒருநாள் ஓடிட்டிருக்கும்போதே பட்டுனு வெடிச்சிடுமாம். விரிசல் இருக்கானு டார்ச் அடிச்சு, மடக்கி, அழுத்திப் பார்த்துட்டுத்தான் தந்தாங்க.

இப்போ கொஞ்சம் மெக்கானிக்கல் பாடம். (ஓடாதீங்க ப்ளீஸ்!) டி.வி-ல நாம பார்க்கிற ஸ்னோபோர்டுக்காரங்க போடுறது மெத்து மெத்துனு சாஃப்ட் பூட்ஸ். பாதம் கிட்டத்தட்ட பலகைக்குக் குறுக்கே இருக்கும். குதிக்க, சுழல, நடக்க அதுதான் சுகம். ஆனா பலகையை ரொம்பச் சாய்ச்சா வெளியே நீட்டிட்டிருக்கிற விரலோ குதிகாலோ பனியில இடிச்சு, ஆள் காலி. ஹார்டு பூட்ஸ்ல பாதத்தைக் குறுக்கே வைக்காம, 60 டிகிரி வரைக்கும் முன்பக்கமா திருப்பி வைப்பாங்க. காஸ் 60 அரைதானே! அதனால பாத நீளத்துல பாதிதான் குறுக்கே வரும். பலகையோட இடுப்பையும் 20 சென்டிமீட்டர், அதுக்கும் கீழேனு ஒடுக்கிடலாம். ஒடுங்கின பலகையை ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்குச் சட்டுனு புரட்டலாம். பூட்ஸைப் பிடிக்கிறது ஒரு உலோகத் தட்டும் முன்னாலயும் பின்னாலயும் கம்பிக் கொக்கியும். நடுவுல பஞ்சு கிஞ்சு எதுவும் கிடையாது. முழங்கால்ல நினைச்சா எஃகு விளிம்புல நடக்கும்!

முதல் மூணு நாள் வாடகை சாஃப்ட் பூட்ஸ்ல நிக்கக் கத்துக்கிட்டேன். நாலாவது நாள் காலையில அவங்களே பாட்ஷர்கோஃபெல் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சிட்டி பஸ்லயே போகலாம்ங்கிறது என்னால இன்னும் நம்ப முடியாத விஷயம். நான் நிமிஷத்துக்கு ஒரு "நீங்க" போட்டதும் சிரிச்சாங்க. "ஆயிரம் மீட்டருக்கு மேலே எல்லாரும் 'டூ'தான்." டூன்னா நீ. அறுபத்து மூணு வயசுக்காரங்களை நீனு கூப்பிட எனக்கு வாய் வரலை. விழுறதைவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அவங்க கொடுத்த முதல் பாடம் ரொம்பச் சின்னது. மெஷின் சீவிவிட்ட பனியில, கார்டுராய் பேன்ட் மாதிரி கோடு கோடா இருக்கும் இல்லையா, அதுல குறுக்கே போகணும். பலகையை ஒரு விளிம்புல சாய்ச்சுட்டு எதுவும் செய்யாம நிக்கணும். அதுவே வளைஞ்சு, மலையைப் பார்த்து ஏறி, தானா நின்னுடும். அப்புறம் திரும்பிப் பார்க்கணும். பென்சில் கோடு மாதிரி ஒத்தைத் தடம் இருந்தா பாஸ். துடைப்பத்தால இழுத்த மாதிரி அகலமா இருந்தா ஃபெயில். அகலம்னா பலகை சறுக்கியிருக்குனு அர்த்தம்.

நான் நாள் முழுக்கத் துடைப்பம்தான்.

"நடுவுல பின்காலை வெளியே தள்றே. ஏன்?"னு கேட்டாங்க. தெரியலைனு சொன்னேன். பொய். எனக்குத் தெரியும்.

ஃபர்ஸ்ட் இயர்ல என் ஸ்கூட்டி பின்சீட்ல என் ரூம்மேட் இருந்தா. ஹாஸ்டல் போற ரோட்டு வளைவுல மணல். பார்த்ததும் பயந்துபோய் முன் பிரேக்கை அமுக்கிட்டேன். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒண்ணுதான். வளையறதுக்கும் பிரேக்குக்கும் அதைத்தான் பங்கு போடணும். மணல்ல அந்தப் பிடிப்பே பாதி இல்லை. எனக்கு முழங்கைச் சிராய்ப்பு. அவளுக்குக் கழுத்தெலும்பு முறிவு. ரெண்டு பேப்பர் எழுத முடியாம போச்சு. "விடுடி, அந்த ரெண்டும் எப்படியும் கோவிந்தாதான்"னு அவ சிரிச்சா. நான் அதுக்கப்புறம் வண்டியைத் தொடலை. பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, நடராஜா சர்வீஸ்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பலகையோட இடுப்பு உள்வாங்கி இருக்கும் இல்லையா, அந்த வளைவை முழு வட்டமா வரைஞ்சா வர்ற ஆரம்தான் சைடுகட் ரேடியஸ். என் பலகைக்கு 10 மீட்டர். சரிவை மறந்துட்டு சமதளம்னு வெச்சுக்கிட்டா கணக்கு சிம்பிள். வேகத்தோட வர்க்கத்தை ஜி-யாலயும் ரேடியஸாலயும் வகுத்தா, சாய வேண்டிய கோணத்தோட சைன் கிடைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர்ல அது 45 டிகிரி! அப்போ பலகை போடுற வட்டத்தோட ஆரம் 7 மீட்டர். 50 கிலோ உடம்பு கால்ல 70 கிலோவா அழுத்தும். மணிக்கு 36 கிலோமீட்டரைத் தொட்டா சைன் ஒண்ணு ஆயிடும், அதாவது படுத்துக்கிட்டேதான் போகணும்! வேகமாப் போற பந்தயக்காரங்க பெரிய ரேடியஸ் பலகை கேட்கிறது இதுக்காகத்தான்.

காலையில நோட்டைப் பார்த்துட்டு, "45 டிகிரி சாஞ்சா நீ விழணும்னு உன் மூளை நினைக்குது. சாயலைன்னாதான் விழுவே"னு சொல்லிட்டு காபி போடப் போயிட்டாங்க.

சாயறதுலயும் ஏமாத்து வேலை உண்டு. கையால பனியைத் தொட்டா ஸ்டைலா இருக்கும்னு இடுப்பை வளைச்சுக் குனிவோம். உடம்பு சாயும், பலகை சாயாது, விளிம்பு பிடியை விட்டுடும். தோள் பூட்ஸ் பார்க்கிற திசையைப் பார்க்கணும், கண்ணு பலகை மூக்கைப் பார்க்கக் கூடாது, முழங்கால் மடங்கணும். பின்சாய்வுல எல்லாரும் வெஸ்டர்ன் டாய்லெட்ல உட்கார்ற போஸ் கொடுப்போம். (நானும்தான்.) ஸ்விட்சர்லாந்துல ஸினால் பக்கம், உடம்பு மொத்தத்தையும் பனியில கிடத்தி ஓட்டுற எக்ஸ்ட்ரீம் கார்விங் பிரபலம். வீடியோ காட்டி ஆசையாக் கேட்டேன். "சர்க்கஸ்! முதல்ல கோடு போடு"ன்னுட்டாங்க.

அவங்க இளமையா இருந்தப்போ இந்த மலையில ஹார்டு பூட்ஸ் கும்பலே இருந்துச்சாம். 1998 நகானோவுலதான் ஸ்னோபோர்டு ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு. 2018-ல பியோங்சாங்ல செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா ஸ்கீயில சூப்பர்-ஜி தங்கத்தை ஒரு செகண்டுல நூறுல ஒரு பங்கு வித்தியாசத்துல தட்டிட்டு, ஒரே வாரத்துல ஹார்டு பூட்ஸ் மாட்டி ஸ்னோபோர்டு பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் தங்கத்தையும் அள்ளுனாங்க. அந்தக் கதையைச் சொல்லும்போது ஓனரம்மா எழுந்து நின்னுட்டாங்க. ஆனா நான் போன நாள்ல எல்லாம் அந்த மலையில ஹார்டு பூட்ஸ் போட்டது நான் மட்டும்தான். குற்றம் சொல்லவும் முடியாது. கரடுமுரடான பனியில இது உபத்திரவம், ஆழமான புதுப்பனியில உபயோகமில்லை, கூட்டத்துல ஆபத்து. கார்வ் பண்றவங்க சரிவு முழுக்கக் குறுக்கே போவோம், பின்னால வர்றவங்க எதிர்பார்க்க மாட்டாங்க. அதனால ஒவ்வொரு வளைவுக்கு முன்னாடியும் மேலே ஒரு தடவை திரும்பிப் பார்க்கணும்.

ஏழாவது நாள். முதல் லிஃப்ட். சரிவுல யாரும் இல்லை. மேலே பார்த்தேன், சாய்ச்சேன். பாதி வளைவுல பின்கால் வழக்கம்போல துடிச்சுது. தள்ளலை. ஒரு செகண்ட் இருக்குமா? அந்த ஒரு செகண்டுல மணல், பிரேக், அவ கத்தின சத்தம் எல்லாம் வந்து போச்சு. அதுக்குள்ள காலுக்குக் கீழே திடுதிப்புனு கனம். 70 கிலோ! ரயில் தண்டவாளத்துல ஏறின மாதிரி பலகை இழுத்துட்டுப் போய் மலையைப் பார்த்து நின்னுடுச்சு. சத்தமே இல்லை.

கீழே பெஞ்சுல இருந்த ஓனரம்மா, வலிக்கிற காலை இழுத்துக்கிட்டு மேலே ஏறி வந்தாங்க. என்னைப் பார்க்கலை. குனிஞ்சு, தடத்துக்குள்ள விரலை விட்டு ஆழம் பார்த்தாங்க. விரல்ல பாதி போச்சு. அங்கேயே கொஞ்ச நேரம் குனிஞ்சிருந்தாங்க. அப்புறம், "அடுத்த பக்கம்"னாங்க.

"நீ இங்கேயே இரு, நான் மேலே போயிட்டு வர்றேன்"னேன். 'நீ'! சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே உறைச்சுது.

அந்தத் தடத்தை போட்டோ எடுத்து ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். ரெண்டு நிமிஷத்துல பதில்: "என்னடி இது, பனியில கோடு கிழிச்சதுக்கா இவ்வளவு சீன்? உன் ஸ்கூட்டி சாவி என்கிட்டதான் இருக்கு. வந்து வாங்கிக்கோ."

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சாவியை வாங்கிட்டேன். காலையில ஆறு மணிக்கு, ரோட்ல ஆளில்லாத நேரத்துல ஓட்டுறேன். அந்த வளைவையும் தாண்டிட்டேன். அவ மட்டும் தினமும் ஹெல்மெட்டோட கேட்ல வந்து நிக்கிறா. "நாளைக்குடி"னு சொல்லிட்டிருக்கேன்.