நானும் ஓர் அறுவை!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)



நம் கல்லூரியில் ஒருவன் சற்று நீண்ட நேரம் பேசிவிட்டால் அவனுக்கு 'அறுவை' என்று பெயர். இன்னும் கொஞ்சம் நீண்டால் 'பிளேடு'. அதையும் தாண்டினால் 'ரம்பம்'. இந்த மூன்று பட்டங்களையும் ஒருசேரப் பெறும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஏனென்றால், நான் உண்மையாகவே ரம்பத்தில் பிளேடு மாட்டி அறுப்பவன்! மெல்லிய மரப்பலகையில் பூவும் கொடியும் எழுத்தும் அறுத்தெடுப்பது என் பொழுதுபோக்கு.

இந்தப் 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை என்னைப் பற்றி எழுதிக்கொள்ள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 2024இல் முதலாண்டில் சேர்ந்தபோது வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், ஊர், தந்தையின் தொழில், படித்த பள்ளி எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசியில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம். பக்கத்தில் இருந்தவர்கள் கிரிக்கெட், பாட்டுக் கேட்டல் என்று எழுதினார்கள். நான் வெறுமையாக விட்டுவிட்டேன். அன்று மாலை அப்பாவிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பொழுது போகலன்னு நம்ம வீட்டுல யாருல அழுதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடைதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் செங்கோட்டைக்கு அருகில் இருக்கிறது. மலையும் கேரள எல்லையும் பக்கம் என்பதால் அந்த வட்டாரத்தில் மர டிப்போக்களும் மர அறுவை மில்களும் உண்டு. அப்படி ஒரு மில்லில் என் அப்பா 22 ஆண்டுகள் வேலை பார்த்தார். இரண்டு பெரிய சக்கரங்களின்மேல் முடிவில்லாத வளையமாக ஓடும் பட்டை ரம்பம் அங்கே உண்டு. இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத தடியையும் அது பலகை பலகையாகப் பிளந்து தள்ளும். 2023இல், நான் 12ஆம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கொஞ்ச நாளில், அது அப்பாவின் இடக்கையிலிருந்து இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

அந்த ஓராண்டு நான் படிக்கவில்லை. ஜவுளிக்கடையில் துணி மடித்தேன். "அப்பாவுக்குப் பதிலாக நான் மில்லுக்குப் போகிறேன்" என்று ஒருநாள் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. "ரெண்டு வெரலு போனது போதும். நீ ரம்பத்தத் தொடப்பிடாது. காலேஜுக்குப் போ" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படியில் என்னை ஏற்றிவிட்டவை எட்டு விரல்கள்.

அப்படிப்பட்டவன் கையில் ரம்பம் வந்தது எப்படி?

எங்கள் அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலின் வழியாகவே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்றது. அந்த எண்ணத்தின் எச்சமாகப் பள்ளிகளில் இருந்த கைத்தொழில் வகுப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியவர் அவர். கண்ணில் புரை விழுந்திருந்ததால், மாலையில் செய்தித்தாள் படித்துக் காட்ட என்னை அழைப்பார். ஒருநாள் அவருடைய பரணில் எதையோ தேடப் போய், 'U' போல வளைந்த ஓர் இரும்புச் சட்டத்தைக் கண்டேன். அதன் இரு முனைகளுக்கும் நடுவே நூல்போல ஒரு பிளேடு. தொட்டுப் பார்த்தேன். நூலுக்குப் பல் முளைத்திருந்தது!

"அது பிரெட் சா. நுணுக்க ரம்பம்" என்றார் ஆசிரியர். "உனக்கு வேணுமா தம்பி?"

வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நண்பர்களே, அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பிளேடின் நீளம் ஏறக்குறைய 5 அங்குலம். பற்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். அப்போதுதான் கீழே இழுக்கையில் அறுக்கும். மேசை விளிம்பில் ஒரு பலகையைப் பொருத்தி, அதன் முன்பக்கத்தில் பறவையின் திறந்த அலகுபோல ஒரு வெட்டு வைத்துக்கொள்வோம். அந்த வெட்டுக்குமேல் வேலைப் பலகையை வைத்து அறுக்க வேண்டும். படத்தைத் தாளில் வரைந்து பலகையில் ஒட்டிவிட்டுக் கோட்டின்மேல் போவதுதான் வேலை. வளைவு வந்தால் ரம்பத்தைத் திருப்பக் கூடாது. பலகையைத் திருப்ப வேண்டும். பூவின் நடுவே ஓர் ஓட்டை வேண்டுமானால், முதலில் சிறு துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி அத்துளையில் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். உள் வேலை எல்லாம் முடிந்த பிறகே வெளிக்கோடு. முதலிலேயே வெளிக்கோட்டை அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடமிராது. மெல்லிய கொடிகள் ஒடிந்துபோகும்.

இதற்கு மின்சார இயந்திரமும் உண்டு. தையல் இயந்திரத்தில் ஊசி இருக்கும் இடத்தில் ரம்ப பிளேடு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். துணியை நகர்த்துவதுபோலப் பலகையை நகர்த்தினால் போதும். ஆனால் அதன் விலைக்கு நான் இன்னும் எத்தனையோ கல்யாணப் பந்திகளில் பரிமாற வேண்டும்! ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படிப் பரிமாறிக் கிடைத்த கூலியில்தான் ஒரு டஜன் பிளேடு வாங்கினேன். பலகைக்குச் செலவில்லை. தச்சர்கள் கழித்துப் போடும் பிளைவுட் துண்டுகளே போதும். பிளைவுட்டில் ஒரு தகட்டின் மரவரி ஒரு திசையிலும், அடுத்த தகட்டின் வரி அதற்குக் குறுக்காகவும் இருப்பதால், எவ்வளவு நுணுக்கமாக அறுத்தாலும் எளிதில் பிளக்காது.

ஆசிரியர் எனக்குப் பழங்கதைகளும் சொன்னார். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகளில் ரம்பத்தை ஓட்டித் துண்டு துண்டாக்கினார். பிள்ளைகள் அத்துண்டுகளைச் சேர்த்து நாடுகளின் இருப்பிடத்தைக் கற்றார்கள். இன்று நாம் 'ஜிக்சா' என்று விளையாடும் படப்புதிரின் பிறப்பு அதுதான். 1895இல் இங்கிலாந்தில் 'ஹாபீஸ்' என்ற பெயரிலேயே ஒரு வார இதழ் தோன்றி, இந்த நுணுக்க ரம்ப வேலையை வீடுதோறும் பரப்பியது. அதைக் கேட்டபோது எனக்குள் அப்பாவின் கேள்விதான் மறுபடி ஒலித்தது. ரம்பம் எங்கோ ஒருவருக்கு விளையாட்டு. எங்கள் வீட்டில் அது சோறு, அதுவே காயம். அப்பாவின் விரலைத் தின்ற ஒன்றை வைத்துக்கொண்டு மகன் விளையாடலாமா?

விடை தெரியாமலேயே, அப்பாவுக்குத் தெரியாமலேயே, இரண்டு மாதம் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அறுத்தேன். முதல் வாரத்திலேயே ஒரு டஜன் பிளேடும் முறிந்தது. பிறகு ஒரு மயில் உருவாயிற்று. மயில் என்று நான்தான் சொன்னேன்; ஆசிரியரின் பேத்தி கோழி என்றாள்.

ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். என் சட்டையை ஒருமுறை முகர்ந்தார்.

"எங்கல பிளைவுட் அறுத்த? பசை வாடை அடிக்கி."

22 ஆண்டு மரத்தூளில் வாழ்ந்தவரிடம் ஒளிக்க முடியுமா? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. இப்போது அவருக்கு ஒரு கட்டட வேலையிடத்தில் இரவுக் காவல். அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே வேலைக்குப் புறப்பட்டுப் போனார். அம்மாதான் மெல்லச் சொன்னாள்: "அவருக்குக் கோவம் உன் மேல இல்லல. அந்தச் சத்தத்து மேல. இன்னமும் தூக்கத்துல கையை இழுத்துக்கிடுதாரு."

நான் இரண்டு நாள் ரம்பத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதை ஆசிரியரிடமிருந்து இரவல் வாங்கி வந்து, அப்பாவின் முன்னால் வைத்தேன். "அப்பா, ஒரே ஒரு தடவை பாருங்க. நான் இழுத்தா இது ஓடும். விட்டா அந்த இடத்துலயே நிக்கும்" என்று சொல்லி அறுத்துக் காட்டினேன். நிறுத்தினேன். ரம்பமும் நின்றது. கவனம் தவறினால் இதுவும் கையைக் கீறும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சட்டத்தை வலக்கையில் எடுத்தார். கட்டைவிரலால் பிளேடைச் சுண்டினார்.

"தொளதொளன்னு கெடக்கு. இப்படி மாட்டுனா முறியாம என்ன செய்யும்?" என்றார்.

இயற்பியல் பேராசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியைச் சுண்டி, இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்று கணக்கெழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த விதி ரம்ப பிளேடுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் அப்பா, பிளேடு 'டிங்' என்று பாடும்வரை முறுக்கிக் கொடுத்தார். அன்று முதல் பிளேடு முறிவது வெகுவாகக் குறைந்தது.

அதன்பின் நான் வீட்டிலேயே அறுக்கத் தொடங்கினேன். இரவுக் காவல் முடிந்து, பகலில் திண்ணையில் படுத்திருப்பார் அப்பா. கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். "சத்தம் மாறுது, தள்ளாத" என்பார். "மொக்கையாயிட்டு, வேற போடு" என்பார். பார்க்காமலே சொல்வார், சொன்னது சரியாக இருக்கும். மூக்கில் துணி கட்டாமல் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுவார். "என் நெஞ்சுல கெடக்க தூளு போதும்" என்பார். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியதைப் பின்னர் படித்தபோது, அவருடைய பழைய இருமலை நினைத்துக்கொண்டேன். நண்பர்களே, நீங்கள் இந்தக் கலையில் இறங்கினால் முதலில் வாங்க வேண்டியது முகக்கவசம், ரம்பம் இரண்டாவதுதான்.

சென்ற பொங்கலுக்கு ஒரு பரிசு செய்ய நினைத்தேன். 'அப்பா' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் வரைந்து அறுத்தேன். தமிழ் எழுத்தை அறுப்பது தனிக் கலை. 'அ'வின் சுழிக்கு உள்ளே துளையிட்டு நுழைய வேண்டும். காலோ எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும். எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்து, மூன்று எழுத்துகளையும் திண்ணையில் வரிசையாக வைத்தேன். அப்பா குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏல, புள்ளியக் காணோமே. 'அபபா'ன்னுல்லா இருக்கு!"

கையெழுத்துப் போட மட்டுமே எழுத்தைப் பயன்படுத்துபவர் என்று நான் எண்ணியிருந்த அப்பா, என் பிழையைத் திருத்தினார்! எழுத்தோடு ஒட்டாத புள்ளி, அறுத்தவுடனே தூளோடு தூளாக விழுந்துவிட்டது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் இருந்தது என்றும், படிப்பவரே புள்ளி இட்டுப் படித்துக்கொள்வார் என்றும் தமிழ் வகுப்பில் கேட்டிருக்கிறோம் அல்லவா? ஓலையில் எழுதியவருக்கும் மரத்தில் அறுப்பவனுக்கும் புள்ளி ஒரே தொல்லைதான் போலும்.

நான் வேறு புள்ளி அறுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அப்பா தரையில் உட்கார்ந்து தூளைக் கிளறத் தொடங்கிவிட்டார். இடக்கையில் மிஞ்சிய மூன்று விரல்களால் ஊதி ஊதித் தேடி, மிளகைவிடச் சற்றே பெரிய அந்தப் புள்ளியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அடுக்களைக்குள் போய், தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடந்த தேக்குப் பலகையை எடுத்து வந்தார். "இதுல ஒட்டு. தேக்கு தண்ணிக்கும் அசையாது, கரையானுக்கும் அசையாது" என்றார். எழுத்துகளை நான் ஒட்டினேன். புள்ளியை அவர் ஒட்டினார்.

அந்தப் பலகை இன்று எங்கள் வீட்டு வாசல் நிலைக்குமேல் இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். அவர் நின்ற ரம்பம் எவருக்காகவும் நிற்காது, விரலுக்கும் நிற்காது. என் ரம்பம் நான் நிறுத்தினால் நிற்கிறது. நினைத்தபோது நிறுத்தக்கூடிய வேலைக்குத்தான் பொழுதுபோக்கு என்று பெயர். அந்த உரிமை எனக்குத் தானாக வந்ததன்று. 22 ஆண்டுகள் நிறுத்த முடியாத வேலையில் நின்று ஒருவர் அதை எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அதை ஒளித்து வைப்பது பணிவு ஆகாது. அவர் பார்க்க, அவர் கேட்க, அவரோடு சேர்ந்து செய்வதே நன்றி.

இரண்டாம் ஆண்டில் மறுபடியும் ஒரு படிவம் வந்தது. கடைசிக் கட்டத்தில் 'மர நுணுக்க வேலை' என்று எழுதினேன். ஆசிரியர் பெயர் கேட்டிருந்தால் இரண்டு பேரை எழுதியிருப்பேன்.

விருப்பமுள்ள நண்பர்கள் மாலை வேளையில் என்னைக் காணலாம். ஒரு சட்டம், ஒரு பிளேடு, ஒரு பிளைவுட் துண்டு போதும், கற்றுத் தருகிறேன். இதற்குமேல் எழுதினால், நான் தலைப்பில் சொன்னதை நீங்களும் சொல்லிவிடுவீர்கள். ஆகவே ரம்பத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.