கவுன்சிலர் அக்கா

2016 அக்டோபர் 24. தமிழ்நாட்டின் நகராட்சி கவுன்சிலர்கள் எல்லாருடைய பதவிக்காலமும் அன்றோடு முடிந்தது. போடிநாயக்கனூரில் எங்கள் வார்டு கவுன்சிலர் அக்காவுக்கும் அதே நாள்தான். யாரும் சால்வை போர்த்தவில்லை. மறுநாள் வழக்கம்போல ஏலக்காய் தரம் பிரிக்கப் போய்விட்டார்.

பதவிக்காலம் முடியுமுன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் அந்த மாதத் தேர்தலுக்கான அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வந்தது. ஐந்து வருஷத்துக்கும் மேலாக வார்டுக்குக் கவுன்சிலரே இல்லை. என் தொழில் பாஷையில், பழைய சர்வரை நிறுத்தியாச்சு, புதுசு வரவில்லை. ரிக்வெஸ்ட்கள் மட்டும் பழைய முகவரிக்கே வந்துகொண்டிருந்தன.

அந்த முகவரி அக்கா வீட்டுத் திண்ணை. குழாயில் தண்ணி வரலை, தெருவிளக்கு எரியலை. "நான் இப்ப கவுன்சிலர் இல்லப்பா" என்றுதான் தொடங்குவார். மறுநாள் மனுவோடு ஆபீஸ் வாசலில் நிற்பார். அன்றைய கூலி போச்சு.

என் அம்மாச்சியின் பென்ஷன் நின்றபோது, பெங்களூரில் இருந்தபடி நானும் அவருக்குத்தான் போன் போட்டேன். மூன்று நாள் அலைந்து வாங்கிக் கொடுத்தார். மூன்று நாள் கூலி என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நன்றிகூடச் சொல்லவில்லை.

2022 தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஒரு சால்வையோடு போனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கையில் ஏலக்காய் வாசம்.

"இதெல்லாம் எதுக்குத் தம்பி? அம்மாச்சிக்குப் பென்ஷன் ஒழுங்கா வருதா?"