பிஞ்சுச் சிறுநீரகம்

சேலம் கோட்டைப் பகுதியில் நம் தங்கையின் இல்லம். அவள் மகனுக்கு நான்கு வயது நிரம்பியிருந்த வேளை. ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகை முடித்து நாம் அங்கே சென்றபோது, பிள்ளையின் கண்ணிமைகள் தேனீ கொட்டியவைபோல் வீங்கியிருக்கக் கண்டோம். "பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் நன்னி. நாமும் அதையே நம்பினோம். ஒரு வாரத்துக்குள் வீக்கம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிட்டது.

மருத்துவர் பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றிச் சூடேற்றினார். தெளிந்திருந்த நீர் வெண்மையாகத் திரண்டது. "நாமக்கல் முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டிக்கொள்கிறதல்லவா? ஏறக்குறைய அதே இனத்துப் புரதந்தான் ஐயா. இரத்தத்தில் நிற்க வேண்டியது ஒழுகிப்போகிறது" என்றார். நோயின் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. அவற்றின் நுண்துளைகள் நெகிழ்ந்து புரதம் வெளியேறினால், இரத்தத்திலுள்ள நீர் திசுக்களுக்குள் கசிந்து தேங்குகிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குன்றுகிறது. ஸ்டீராய்டு மருந்துகள் 1950-களில் வருவதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகளுள் பலர் கிருமித் தொற்றாலேயே மடிந்தனர். இன்றோ பத்துக் குழந்தைகளில் எட்டுக்கு மேல் பிரெட்னிசோலோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகின்றனர். ஆனால், பெரும்பாலோருக்கு அது மீண்டும் தலைகாட்டும்.

இங்கே நம் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். மாத்திரையால் பிள்ளையின் முகம் உருண்டு, பசி அடங்காமல் அவன் அழுதபோது, "வீக்கந்தான் வடிந்துவிட்டதே, போதும்" என்று ஐந்தாம் வாரத்தில் நிறுத்தச் சொன்னவர் நாமே. படித்தவர் என்ற மதிப்பில் தங்கையும் கேட்டுக்கொண்டாள். பதினைந்தே நாளில் வீக்கம் முன்னினும் கடுமையாய்த் திரும்பியது. திடீரென நிறுத்துவதே உடலுக்கு ஆபத்தென்பதை அன்றுதான் அறிந்தோம். தங்கை நம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. கோடிட்ட நோட்டொன்றை வாங்கினாள். அன்றுமுதல் நாள்தோறும் காலையில் குழாயைச் சூடேற்றி, 'இல்லை', 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' என்று எழுதலானாள். மருத்துவர் எங்கள் பேச்சைவிட அந்த நோட்டையே நம்பினார்.

எவ்வளவு மருந்து, எத்தனை வாரம், எப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதெல்லாம் பலருடைய நெடிய ஆய்வில் விளைந்தவை. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ஆர்.என்.ஸ்ரீவாஸ்தவாவும் அர்விந்த் பக்காவும், சென்னையில் பி.ஆர்.நம்மாழ்வாரும் இத்துறைக்குப் பாதை அமைத்தவர்கள். நம் நாட்டுக் குழந்தைகளுக்கான சிகிச்சை நெறிகள் 2001-இல் வகுக்கப்பட்டன. நடிகர் பெயர் நூறு அறிந்த நம் வீடுகளில் இப்பெயர்களில் ஒன்றையும் கேட்டதில்லை!

மருந்துக்கு மசியாத சிலருக்குச் சிறுநீரகமே செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகம் தேவையாகலாம். அந்த அச்சம் எங்களையும் பிடித்தது. "அப்படி வந்தால் என்னுடையது இருக்கிறதே அண்ணே" என்றாள் தங்கை, அரிசி களைந்துகொண்டே. வீட்டுப் பெரியவரொருவர், உடல் இறைவனின் அமானிதமாயிற்றே என்று தயங்கினார். தயக்கம் நியாயமானதே. 1988-இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, கொடுப்பவர் உயிருக்குக் கேடில்லாதபோது மனமுவந்து கொடுக்கலாம், விற்கலாகாது என முடிவு செய்திருப்பதை எடுத்துரைத்தோம். அவர் நெடுநேரம் பேசாமலிருந்து, "தாய் கொடுப்பதற்கு யார் தடை?" என்றார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. விற்பனையைத் தடுக்க 1994-இல் சட்டமும் வந்தது. இருந்தும் 2025-இல் நம் பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்து, அரசு விசாரித்தது. அதைப் படித்த அன்று நமக்கு உணவு இறங்கவில்லை. தங்கை அரிசி களைந்தபடி சொன்ன சொல் அங்கே தரகன் கையில் விலையாகியிருக்கிறது.

பிள்ளைக்கு அந்நிலை வரவில்லை. இப்போது பதினாறு வயது. நோய் திரும்பி மூன்றாண்டுகள் கடந்துவிட்டன. நோட்டுகள் ஐந்து, அலமாரியில் இருக்கின்றன. ஆயினும் அவனுக்குச் சளிபிடித்தால், மறுநாள் காலை அடுப்படியில் அந்தக் குழாயைக் காணலாம்.