இடியா, இடுப்பா?

இடிக்குப் பயப்படுகிறது என்று ஒரு நாயைக் கொண்டுவந்தால், முதலில் அதைத் தரையில் இறக்கி நடக்கவிடுவேன். வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். பயத்துக்கு மருந்து கேட்டு வந்தால் இந்த டாக்டர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று.

மலாக்காவின் ஜாசின், ரும்பியா, அலோர் காஜா பக்கத்து நாய்களுக்கு இடி என்ன புதுசா? பருவக்காற்று திசை மாறும் மாதங்களில், ஏப்ரலிலும் அக்டோபரிலும், மதியம் கறுத்து சாயங்காலம் இடித்துத் தீர்க்கும். இடைப்பட்ட மாதங்களில் நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா காற்று விடியற்காலையில் அடிக்கும். மரம் சீவுகிறவர்கள் வேலைக்குப் போக முடியாமல் வானத்தைப் பார்த்து நிற்கும் நாள்கள் அவை. இதிலேயே பிறந்து, ஆறேழு வருடம் வாசலில் அசையாமல் படுத்திருந்த நாய் திடீரென்று கட்டிலுக்கடியில் புகுந்து எச்சில் வழிய நடுங்குகிறது என்றால், என் சந்தேகம் முதலில் அதன் உடம்பின் மேல்தான் விழும். வீட்டுக்காரர்களின் சந்தேகம் வேறு பக்கம் போகும். “காத்துக்கறுப்பு பட்டிருக்குமோ டாக்டர்?” என்று கேட்டுவிட்டு, முனியாண்டி கோயில் கயிற்றையும் கழுத்தில் கட்டித்தான் கொண்டுவருவார்கள். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வசதியாகக் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள் என்பேன்.

குட்டியிலிருந்தே சத்தத்துக்கு மிரளும் நாய் ஒரு வகை. நடுவயதில் மிரளத் தொடங்கும் நாய் வேறு வகை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் டேனியல் மில்ஸ் குழுவினர் சத்தத்துக்குப் பயந்த 20 நாய்களின் குறிப்புகளை ஒப்பிட்டு 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து நாய்களுக்கு மூட்டு, தசை வலி இருந்தது, பத்துக்கு இல்லை. வலி இருந்தவற்றுக்குப் பயம் வந்த வயது சராசரியாக ஏறக்குறைய 4 வருடம் தள்ளி இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துவந்ததோடு அது பொருந்திப்போகிறது. அவர்கள் சொல்லும் காரணமும் சுலபமாகப் புரியும். திடுக்கிட்டதும் உடம்பு விறைக்கிறது. தேய்ந்த மூட்டுக்கு அந்த விறைப்பே சுருக்கென்று வலிக்கிறது. மூட்டு தேய்ந்ததை நாய் எங்கே கண்டது? சத்தம் வந்தது, வலித்தது; அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். சில மழைக்குள் இரண்டும் முடிச்சு விழுந்துவிடும். பிறகு மேகம் கறுத்தாலே போதும்.

சோதிப்பதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். நாய்க்குப் பின்னால் குந்தி, இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் கையில் பிடிப்பேன். வலிக்கிற காலில் தசை மெலிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். நகங்களைப் பார்ப்பேன். காலை முழுசாகத் தூக்காமல் நடக்கும் நாய்க்குப் பின்கால் நடுநகங்களின் மேற்புறம் சிமெண்டில் உரசித் தேய்ந்திருக்கும். அதன்பிறகு பின்காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டுவேன், கண் மட்டும் அதன் முகத்தில். நம் ஊர் நாய்கள் லேசில் கத்தாது. உதட்டை ஒருமுறை நக்கும், காது பின்னால் போகும், தலையைத் திருப்பி என் கையைப் பார்க்கும். எனக்கு அது போதும். எக்ஸ்ரே எடுப்பது அதற்கப்புறம்.

மூட்டு வலி என்றால் கிழட்டு நாய்க்குத்தான் என்று நினைக்க வேண்டாம். செம்பனைக் காட்டில் சுற்றிவரும் நாய்க்கு உண்ணி ஏறும், உண்ணியால் எர்லிக்கியா காய்ச்சல் வரும், அது மூட்டையும் பிடிக்கும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் குறையும். அதனால் ரத்தப் பரிசோதனைக்கு முன் நான் வலி மருந்து எழுதுவதில்லை. வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கிறார்களே, அதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். தட்டணு குறைந்த நாய்க்கு அது இரட்டை ஆபத்து.

வீடு மாறியதையும் கேட்பேன். லயத்து வீட்டில் இருந்தவரை நாய் அவிழ்ந்து கிடந்தது. இடித்தால் படிக்கட்டுக்கு அடியிலோ மாட்டுக்கொட்டகை மூலையிலோ தானே இடம் பார்த்துக்கொள்ளும். தாமானுக்குக் குடிவந்ததும் காடி நிறுத்தும் இடத்தில் சங்கிலி, தலைக்கு மேலே தகரக் கூரை. தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் நமக்கே பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. ஒளிய இடமில்லாத இடத்தில்தான் பயம் முற்றுகிறது. அறுத்துக்கொண்டு ஓடினால் லோரியில் அடிபடும், இல்லையென்றால் நகராண்மைக் கழகத்து ஆள்களிடம் மாட்டும்.

அதனால் வலிக்குச் சிகிச்சை தொடங்கும் அன்றே மழைக்கு ஒதுங்க இடமும் வேண்டும். ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம், குளியலறை, எதுவானாலும் சரி. கதவைத் திறந்தே வையுங்கள், காற்றாடியை ஓடவிடுங்கள். “தடவிக் கொடுத்தா பயம் கூடிப்போகும்னு சொல்றாங்களே?” என்று கேட்காதவர் குறைவு. தாராளமாகத் தடவலாம். அமெரிக்காவில் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இடிச் சத்தம் கேட்ட நாய்களின் உடம்பில் பதற்றத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் மூன்று மடங்குக்கு ஏறியது. வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதால் அந்த ஏற்றம் மாறவில்லை. இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்லிப் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்ட பாட்டிகள், நாயை மட்டும் ஏன் தள்ளிவிட வேண்டும்?

மாத்திரையில் நமக்கு ஒரு சொந்தச் சிக்கல் உண்டு. பதற்றம் குறைக்கும் மருந்தை இடிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும். அக்டோபர் மழைக்கு அது நடக்கும். மதியமே வானம் சொல்லிவிடும். சுமத்ரா காற்று நாம் தூங்கும்போது வருகிறது. அந்த மாதங்களில், பயம் முற்றிய நாய்க்கு அன்றாடம் கொடுக்கும் மருந்தை யோசிக்கிறேன். பழைய ஏசிபுரோமசினைத் தனியாகக் கொடுப்பதில்லை. அது காலைக் கட்டிப்போடும், பயத்தை அப்படியே விட்டுவைக்கும். நாய் அடங்கிவிட்டது என்று வீட்டுக்காரருக்குத்தான் நிம்மதி.

வலி போனதும் பயமும் போய்விடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சிலதுக்கு அடுத்த பருவத்திலேயே பாதி குறையும். சிலதுக்கு விழுந்த முடிச்சு முழுசாக அவிழாது. மாத்திரையும் ஸ்டோர் ரூமும் கடைசிவரை வேண்டும். நாளாகிவிட்டால் அவிழ்ப்பது கஷ்டம் என்பதால், முதல் மழைக்கு நடுங்கிய வாரமே வாருங்கள் என்கிறேன். வரும்போது நாய் காலையில் படுக்கையைவிட்டு எழுவதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு வாருங்கள். என் மேசை மேல் எந்த நாயும் நொண்டிக் காட்டாது.